பாப்பாவின் தரை

பாலிஷ்காரர் மெஷினை நிறுத்தினார். காதில் அடைத்திருந்த பஞ்சை ஒரு பக்கம் மட்டும் பிடுங்கிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றவளைப் பார்த்துச் சொன்னார்.

“உங்கள யாரோ கூப்பிடுறாங்கம்மா.”

“என்னையா? வீட்ல யாருமே இல்லையே.”

“‘அண்ணி, அண்ணி’ன்னு கூப்பிடுறாங்க. ரொம்ப நேரமா. நாந்தான் வேலை மும்முரத்துல கண்டுக்கல.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். வாசல் கதவு தாழிட்டிருந்தது. அவளை அண்ணி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அந்த ஆள் போன வருஷமே போய்ச் சேர்ந்தாயிற்று.

“காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

அவர் அதை அப்போதுதான் யோசித்தார் போலிருந்தது. வெள்ளைச் சேறு அப்பிய உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதானே! காதுல கேக்கலம்மா. கைப்பிடியில வந்துச்சு.” பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “பழைய மெஷினு. என் வீட்டுக்காரி மாதிரி. எப்ப என்னத்தப் பேசும்னு சொல்ல முடியாது.”

பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டு மெஷினைப் போட்டார். அவள் கரண்டியோடு வீட்டைச் சுற்றி வந்தாள். இரண்டு படுக்கையறைகளிலும் ஹாலில் இருந்து தூக்கிப் போட்ட சோபாவும் அலமாரியும் நாற்காலிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத் தாழ்வாரத்தில் வெயில் விழுந்து கிடந்தது. யாரும் இல்லை. யாரும் இருக்க முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு கதவையும் தள்ளித் தள்ளிப் பார்த்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

ஹாலின் மார்பிள் தரையை அரைத்து மெருகேற்ற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்பதைவிட வன்மம் என்றே சொல்லலாம். அது அவளுடைய நாத்தனாரின் தரை. கணவரின் ஒரே தங்கை, கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டியும் அண்ணன் வாயில் ‘பாப்பா’தான். அப்பா இந்த வீட்டைப் பாப்பாவுக்கென்றே எழுதி வைத்திருந்தார். கொஞ்ச நாளைக்கு என்று வந்த அண்ணனும் அண்ணியும் வருஷக்கணக்காகத் தங்கிவிட்டார்கள். பாப்பா ஒருநாளும் போ என்று சொன்னதில்லை. அண்ணி பேசினால் பதில் சொல்வாள், சமைத்தால் சாப்பிடுவாள். ஆனால் அண்ணி ஹாலைக் கடந்து போனால், ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, அவள் கால் பட்ட இடத்தையெல்லாம் குனிந்து குனிந்து துடைப்பாள். அண்ணன் நடந்தால் துடைக்க மாட்டாள். விருந்தாளி நடந்தால் துடைக்க மாட்டாள். ஈரக்காலோ, காய்ந்த காலோ, அண்ணி நடந்தால் துடைப்பாள்.

“கல்லு வீணாப் போயிரும் அண்ணி, அதுக்குத்தான்,” என்பாள் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு முதுகில் ஊசி ஏறுவது போலிருக்கும். வருஷக்கணக்காக அப்படி ஊசி ஏறிய முதுகு அவளுடையது. அதனால்தான் பாலிஷ்காரர் முதல் நாள் வந்து, விரலால் தரையைத் தடவி, “மேலாக்க மெருகு போட்டாலே போதும்மா, நல்லாப் பராமரிச்ச தரை,” என்றபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேணாம். முரட்டுக் கல்லு போட்டே அரைங்க. மேல் தோல் மொத்தமா போகட்டும். பழசு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது.”

இப்போது அது போய்க்கொண்டிருந்தது. கனத்த மெஷின் உறுமியபடி இப்படியும் அப்படியும் ஊசலாட, அதன் வட்டத்தட்டுக்கு அடியிலிருந்து கல்லும் தண்ணீரும் கலந்த வெள்ளைச் சேறு வழிந்து ஹால் முழுக்கப் பரவியது. பல் டாக்டர் பல்லைக் குடையும்போது வாய்க்குள் எழுமே, அந்தக் கருகல் வாசனை வீட்டையே நிறைத்தது. பாப்பா குனிந்து குனிந்து துடைத்த மினுமினுப்பெல்லாம் பால் போலக் கரைந்து வாளிக்குள் போவதைப் பார்க்கப் பார்க்க, காலையிலிருந்து அவள் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

கைப்பிடியில் வந்த குரல் அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்துவிட்டது.

மத்தியானம் அவளுக்கே அது கேட்டது. காதால் அல்ல. பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றவளின் குதிகால் வழியாக மெஷினின் அதிர்வு ஏறி வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிப்பதைக்கூட விட்டிருந்தாள். திடீரென்று அந்த அதிர்வுக்கு ஒரு வடிவம் இருப்பது தெரிந்தது. முதலில் நீண்டு, பிறகு தேய்ந்து, மூச்சு வாங்குவது போல நின்று, மறுபடி நீண்டது. முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, விலா எலும்பில் வந்து முட்டியபோது அது சொல்லாகிவிட்டது.

அண்ணீ.

அவள் கால் இரண்டையும் தரையிலிருந்து பெயர்த்துக்கொள்வது போல முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். குரல் நின்றது. பாதத்தைத் தரையில் வைத்தாள். அண்ணீ. பாலிஷ்காரர் மெஷினை நிறுத்தினார். அதுவும் நின்றது. வீடு கப்சிப்பென்று ஆனது. அப்படியானால் மெஷின்தான், வேறொன்றும் இல்லை, என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, கால்களைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த இழுப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு நாள்தான் பாப்பா அவளை அப்படி இழுத்துக் கூப்பிட்டாள்.

அன்றைக்கும் இதே போலப் பகல்தான். ஹாலில் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அண்ணீ. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம். அவள் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜைப் பக்கம் பாப்பா ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் தரையோடு தரையாக ஒட்டியிருந்தது. மஞ்சள் துணி கையில் இருந்தது. இடுப்புக்குக் கீழே கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. பாப்பாவால் தலையைத் திருப்ப முடியவில்லை. அதனால் அண்ணி பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அவள் பாப்பாவைத் தள்ளிவிடவில்லை. தண்ணீர் கொட்டி வைக்கவில்லை. அது சத்தியம். வெறுமனே திரும்பிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். மிக்சியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் பிளேடு சுற்றிச் சுற்றி அலறியது. நிறுத்தினால் அண்ணீ என்று கேட்டது. மறுபடி போட்டாள். மோட்டார் சூடேறிக் கருகும் வாசனை வரும்வரை, நிறுத்தினாலும் ஒன்றும் கேட்காமல் போகும்வரை, போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பின்பக்கத் தாழ்வாரம் வழியாகப் படுக்கையறைக்குப் போய்த் தலைவலி என்று படுத்துவிட்டாள். சாயங்காலம் கணவர் வந்து போட்ட கூச்சலில்தான் ‘எழுந்தாள்’.

“மிக்சி சத்தத்துல கேக்கலையே!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் நம்பினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தபோது கணவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். பாப்பா அதற்குப்பின் பேசவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில் அண்ணன் பக்கம்கூடத் திரும்பாமல், அண்ணி எங்கே நகர்ந்தாலும் அங்கேயே நகர்ந்தன அவள் கண்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் தரையைப் பற்றிக் கேட்டார்.

“நல்லா வருதா?”

“வருது.”

“பாப்பா இருந்திருந்தா அந்த ஆள ஒரு வழி பண்ணியிருப்பா. கூடவே நின்னு, இங்க தேய் அங்க தேய்னு...” சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். சிரித்த முகம் பாதியிலேயே வாடியது. “பாவம் இல்ல?”

“சாப்பிடுங்க. ஆறிப்போகுது,” என்றாள் அவள்.

மறுநாள் பாலிஷ்காரர் நைஸ் கல் மாட்டினார். உறுமல் குறைந்து ஒரே சீரான ரீங்காரமாக ஆனது. தரை மெல்ல மெல்லப் பளபளக்க ஆரம்பித்தது. அவள் சமையலறைக்குள் இரண்டு கோணிகளை மடித்துப் போட்டு அதன்மேலேயே நின்று வேலை பார்த்தாள். அப்படியும் அதிர்வு வந்துகொண்டுதான் இருந்தது. வெங்காயம் நறுக்கும் பலகையில் கையை ஊன்றினால் மணிக்கட்டு வழியாக வந்தது. சுவரில் சாய்ந்தால் தோள்பட்டை வழியாக வந்தது. வாசலுக்குப் போய்த் தெருவில் நின்றுவிடலாமா என்று பார்த்தாள். வாசலுக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும்.

மெஷின் நின்றது. பாலிஷ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“அம்மா, இங்க கொஞ்சம் வாங்க. ஒரு எடம் மட்டும் ஏறவே மாட்டேங்குது.”

அவளுக்கு எந்த இடம் என்று போகாமலே தெரிந்தது. சாப்பாட்டு மேஜை இருந்த பக்கம். தரையெல்லாம் ஜன்னலின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க, அங்கே மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு மங்கலாக, எண்ணெய் குடித்த காகிதம் போல, பழுப்பேறிக் கிடந்தது.

“எதையாவது கொட்டினீங்களா? எண்ணெய், கிண்ணெய்?”

“இல்லையே.”

“கல்லு குடிச்சிருக்கும்மா. மேல தேய்ச்சா போகாது. உள்ள இருக்கு. பத்து போட்டு உறிஞ்சி எடுக்கணும்.”

“பத்தா?”

“கால் சுளுக்கிச்சுன்னா நமக்குப் போடுறதில்லையா? அதே மாதிரி கல்லுக்கும்.” ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கொட்டி, ஏதோ மருந்து ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்தார். மங்கல் விழுந்த இடத்தின்மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். “ராத்திரி இருக்கட்டும். காஞ்சதும் கறையெல்லாம் இதுக்குள்ள ஏறிடும். யாரும் மிதிச்சிடாதீங்க.”

கருவிகளைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டும்போது தலையைச் சொறிந்தார்.

“இன்னொண்ணும்மா. நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. படுத்த படுக்கையா யாராச்சும் உள்ள இருந்தா ஒரு எட்டு போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க. பாவம். கொரல்ல தெம்பே இல்ல.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்கால வெளிச்சம் ஹாலுக்குள் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. தாழ்வாரத்துக் கதவருகே நின்று அவள் அந்தப் பிளாஸ்டிக் தாளையே பார்த்தாள். உள்ளே ஈரம் வேர்த்திருந்தது. தாளின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்து வெளுத்தது. பிறகு அந்த வெளுப்பு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. பிறகு மறுபடி படிந்தது. மறுபடி மறைந்தது. டேப் ஒட்டியிருந்த விளிம்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, உப்பித் தணிந்தது.

அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாள் நிற்கவில்லை.

கணவர் வந்ததும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“ஈரமா இருக்குல்ல, வேர்க்கத்தான் செய்யும். நீ ரெண்டு நாளா அந்தத் தூசியிலயே நிக்கிற. உனக்குத்தான் உடம்பு சரியில்ல. நாளைக்கு முடிஞ்சிடும், விடு.”

“எனக்கு இந்தத் தரை வேணாங்க. வேற கல்லு போட்டுடலாம். பேத்து எடுத்துடலாம்.”

“பேத்தா?” அவர் முதன்முறையாக அவளைக் கடிந்து பேசினார். “அது பாப்பா உயிரா வெச்சிருந்த தரை. அவ ஞாபகமா மிஞ்சியிருக்கிறது அது ஒண்ணுதான். வேணும்னா மேல ஒரு கம்பளம் வாங்கி விரிச்சுக்கலாம்.”

மறுநாள் காலை பாலிஷ்காரர் டேப்பைக் கிழித்துத் தாளை எடுத்தார். பத்து பாறை போலக் காய்ந்திருந்தது. ஓரத்தில் பூச்சுக் கரண்டியைக் கொடுத்து நெம்ப, ஒரே பாளமாகக் கழன்று வந்தது. இரண்டு கையாலும் தூக்கி அவள் பக்கம் திருப்பினார்.

“பாத்தீங்களா, எம்புட்டு உறிஞ்சியிருக்கு!”

அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு. அவர் பார்த்தது அந்தப் பழுப்பை. அவள் பார்த்தது அதன் நடுவில் இருந்த பள்ளத்தை. ஒரு கன்னம் பதிந்த பள்ளம். அதன் மேலே மடல் மடலாகக் காது. கீழே, பாதி மட்டும், அகலத் திறந்த வாய். உதட்டின் வெடிப்புகள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. வாய்ப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. உள்ளே இருட்டாக இருந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. மருந்தின் வாசனை அல்ல. மோட்டார் கருகும் வாசனை.

“அதப் போடுங்க,” என்றாள். “ஒடைச்சுப் போடுங்க. சீக்கிரம்.”

அவர் பாளத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோய், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதை வாளிக்குள் போட்டுக் கரண்டிக் காம்பால் இடித்து நொறுக்கினார். அதற்குப்பிறகு அவர் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையை முடித்துவிட்டு ஓடினால் போதும் என்பது போல, மெருகுத் துணி மாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் கடைசி மெருகை அவசர அவசரமாகப் போட்டார்.

மங்கல் போய்விட்டிருந்தது. அந்த இடம்தான் இப்போது எல்லா இடத்தையும்விடப் பளபளத்தது.

மெஷின் இப்போது முனகுவதோடு சரி. அவள் தாழ்வாரத்து வாசற்படியில் கோணிமேல் நின்றாள். குரல் வந்தது. ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற களைப்பெல்லாம் அதிலிருந்து போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவளின் தெளிவு. அண்ணி நடந்த தடத்தைத் துடைத்துக்கொண்டே பேசுவாளே, அதே சிரிப்பு.

இப்பக் கேக்குதா அண்ணி?

மெஷின் நின்றது. பாலிஷ்காரர் வயரைச் சுருட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமலே, “முடிஞ்சிடுச்சும்மா, சாருகிட்டப் பேசிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு மெஷினை உருட்டிக்கொண்டு வெளியேறினார். தெருவில் அதன் சக்கரங்கள் கடகடவென்று ஓடுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவள் மட்டும்.

வெயில் தாழ்ந்து ஜன்னல் வழியாக நேராக உள்ளே விழுந்தது. ஹாலில் தரை என்ற ஒன்றே இல்லாதது போலிருந்தது. ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே இன்னொரு ஜன்னல். மின்விசிறி, அதற்கு நேர் கீழே, கிணற்றின் ஆழத்தில் சுற்றுவது போல, இன்னொரு மின்விசிறி. இரண்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்பது போல. கல்லா, தண்ணீரா என்று புரியாத அந்தப் பரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் வாசல் கதவு இருந்தது. அதைத் திறந்தால் தெரு. தெருவில் மனிதர்கள். கணவர் வரும்வரை அங்கே நின்றுகொள்ளலாம். இனி இந்த வீட்டுக்குள் தனியாக இருக்க முடியாது.

காலை எடுத்து வைத்தாள்.

ஜில்லென்றிருந்தது. இன்னோர் அடி. இன்னும் ஓர் அடி. கீழே பார்க்கக் கூடாது என்று கதவையே பார்த்து நடந்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாளின் பித்தளையைப் பார்த்தாள். பாதி தூரம் வந்திருப்பாள். பாதத்துக்கு அடியில் தரை சூடாக இருந்தது.

நின்றாள்.

கல் சூடாக இருக்காது. வெயிலும் அங்கே விழவில்லை. உடம்புச் சூடு. உள்ளங்காலோடு உள்ளங்கால் ஒட்டினால் இருக்கிற சூடு.

குனிந்து பார்த்தாள்.

அவளுடைய பாதங்களுக்கு நேர் கீழே இரண்டு பாதங்கள் ஒட்டி நின்றன. தலைகீழாக. அவற்றுக்குக் கீழே சேலைக் கரை. அந்தச் சேலை அவளுடையது அல்ல.

வலது காலைத் தூக்கினாள்.

கீழே இருந்த கால் நகரவில்லை.

அது கட்டை விரலை மெல்ல மடக்கியது. தரையைப் பிறாண்டிப் பார்த்தது. பிறகு, ஒரு கதவை உதைத்துத் திறப்பது போல, மேல்நோக்கி மிதித்தது.

அவள் விழுந்தாள்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. வலிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது மல்லாந்து கிடந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு மங்கலாக, பால் கலந்த தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல? எழுந்துகொள்ளக் கையைத் தூக்கினாள். முகத்துக்கு மேலே, மூக்கு இடிக்கிற உயரத்தில், கை கல்லில் பட்டது.

தட்டையான கல். பக்கவாட்டில் தடவினாள். கல். முதுகுக்கு அடியிலும் கல். நடுவில் அவள்.

“என்னங்க!” என்று கத்தினாள். சத்தம் வாயை விட்டு வெளியே போகவே இல்லை. கல் அதைக் குடித்தது.

வெகுநேரம் கழித்து வாசல் கதவு திறந்தது. காலுறை போட்ட இரண்டு பாதங்கள், அடிப்பக்கம் தெரிய, தயங்கித் தயங்கித் தரைமேல் வந்தன. கணவர். தோளில் நீளமாக ஏதோ ஒரு சுருளைச் சுமந்திருந்தார். அவள் இரண்டு கையாலும் கல்லைக் குத்தினாள். நகத்தால் கீறினாள். அவர் அவளுடைய மார்புக்கு மேலே வந்து நின்றார்.

“ஏம்மா, எங்க இருக்க?”

“இங்க! இங்கதாங்க இருக்கேன்! கீழ பாருங்க!”

“இதோ வந்துட்டேங்க,” என்று சமையலறைப் பக்கமிருந்து பதில் வந்தது.

அது அவளுடைய குரல்.

வெறுங்கால்கள் இரண்டு நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றன. தன் பாதத்தைக் கீழேயிருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. அவை அவளுடைய பாதங்கள். காலையில் அவள் கட்டிய சேலை. அதற்கும் மேலே, அவளுடைய முகம்.

“அடேயப்பா! கண்ணாடி தோத்துப்போயிரும்,” என்றார் கணவர். “பாப்பா பாத்திருந்தா...”

“பாப்பாவுக்குத் தெரியாம இருக்குமாங்க?”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவருடைய கண்கள் நேராக அவளுடைய கண்களுக்கு வந்தன. அவள் மூச்சே விடாமல் பார்த்தாள். அவர் பார்வை அவளை ஊடுருவி எங்கோ போனது.

“இங்க என்ன இது? ஏதோ கறை மாதிரி. ஆள் படுத்திருக்கிற மாதிரி இல்ல?”

“அது கல்லுக்குள்ள இருக்கிறதுங்க. இனிமே போகாது. நீங்கதான் கம்பளம் வாங்கிட்டு வந்திருக்கீங்களே, அத மேல விரிச்சிட்டாப் போச்சு.”

“அதுவும் சரிதான்.” சுருளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கட்டியிருந்த கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்துவரச் சமையலறைக்குப் போனார்.

அந்த உருவம் மெதுவாகக் குனிந்தது. மண்டியிட்டது. கன்னத்தைத் தரையில் வைத்து, உதட்டைக் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

“கூப்பிடுங்க அண்ணி,” என்றது, யாருக்கும் கேட்காத மெல்லிய குரலில். “தெம்பு இருக்கிற வரைக்கும் கூப்பிடுங்க. நான் எங்கயும் போகல. இங்கதான் நடமாடிக்கிட்டு இருப்பேன்.”

கணவர் வந்து கயிற்றை அறுத்தார். கம்பளம் அவளுடைய கால் பக்கத்திலிருந்து உருண்டு வரத் தொடங்கியது. பாதம் இருண்டது. முழங்கால் இருண்டது. இடுப்பு. மார்பு. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கழுத்து. வாய். கண்ணுக்கு மேலே மிஞ்சிய ஒரு கீற்று வெளிச்சத்தில், அவளுடைய முகமே அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை கம்பளத்தின் சுருக்கத்தை இதமாக நீவி நீவி முன்னால் தள்ளியது.